சாம்பல் நிறம், மணல் கலந்தது

12 ஜனவரி 2025, ஞாயிறு

தினேஷ்வரன் இன்றும் வரவில்லை. ஒருவழியாகத் தொலைபேசியில் பிடித்தேன். சிங்கப்பூரில் கட்டட வேலை கிடைத்துப் போய்விட்டாராம். "டீச்சர், டைல்ஸ் எல்லாம் ஒட்டியாச்சு. கிரவுட் மட்டும்தான் பாக்கி. அத யாரு வேணும்னாலும் செய்யலாம்லா" என்றார். திட்டத் தோன்றவில்லை. செய்த வேலையில் குறை இல்லை, பாதியில் விட்டதுதான் குறை.

பின்பக்கக் குளியலறையில் டைல்ஸ்களுக்கு நடுவே இடைவெளிகள் கிரவுட் பூசி அடைக்காமல் திறந்தபடி கிடக்கின்றன. அவற்றை அடைக்காமல் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்ற முடியாது, அடியில் இறங்கிவிடும். மகள் ஸுஹா தலைப்பிரசவத்துக்கு ஜோகூர் பாருவிலிருந்து வர இன்னும் ஒரு மாதம்தான். அவளுக்கென்று ஒதுக்கிய கீழ் அறையை ஒட்டிய குளியலறை இது. பழைய தரை பாசி பிடித்து வழுக்குகிறது, பிள்ளைத்தாய்ச்சி அதில் நடக்கக் கூடாது என்று இடிக்கச் சொன்னவள் நான்தான். ஓரத்தில் ஒரு படி தாழ்த்தி, தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்ய இடம் விட்டு, குழாயும் வைத்தாயிற்று.

என் வீட்டுக்காரர், நாமே செய்துவிடலாம் என்கிறார். மலாக்காவில் இருக்கும் துணிக்கடையைத் தம்பி மகன் ஆரிஃப் கையில் விட்டதிலிருந்து மனிதருக்குப் பொழுது போகவில்லை. நானும் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றாயிற்று. செய்தால் என்ன?

15 ஜனவரி, புதன்

கிரவுட்டில் இத்தனை வகையா? காலையிலிருந்து யூடியூப்தான். மணல் கலக்காதது, மணல் கலந்தது, எபோக்ஸி என்கிற பிசின் வகை. எங்கள் சுவரில் இடைவெளி மெல்லியது, அதற்கு மணல் கலக்காதது போதும். தரையில் தினேஷ்வரன் அகலமாக விட்டிருக்கிறார். அங்கே மணல் கலந்ததைத்தான் போட வேண்டும். இல்லையென்றால் காயும்போது சுருங்கி வெடித்துவிடும். எபோக்ஸியில் தண்ணீரே புகாது, கறையும் பிடிக்காது. ஆனால் கலக்கிய வேகத்தில் பூசித் துடைத்து முடித்துவிட வேண்டுமாம். வாடையும் அதிகம் என்கிறார்கள். அந்த வேகம் எங்கள் இருவருக்கும் கிடையாது. பிள்ளை வரும் வீட்டில் அந்த வாடையும் வேண்டாம்.

இவரிடம் விளக்கினேன். சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கேட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

19 ஜனவரி, ஞாயிறு

பக்கத்து வீட்டுப் பவானேஸ்வரியின் மகளுக்கு நிச்சயதார்த்தம். பலகாரம் செய்ய உதவப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால், இவர் தனியாக ஜாசின் வரை காரை எடுத்துக்கொண்டு போய் கிரவுட் வாங்கி, வாளியில் குழைத்து, தரையில் ஒரு மூலையை நிரப்பியும் முடித்திருந்தார். முழங்காலெல்லாம் வெள்ளை. "டீச்சர் வர்றதுக்குள்ள பாடம் முடிஞ்சிருச்சு" என்று சிரித்தார். இந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. நானும் கைலியை வரிந்து கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சாயங்காலத்துக்குள் தரை முழுக்க ஆகிவிட்டது.

20 ஜனவரி

இடுப்பு. வேறொன்றும் எழுத முடியாது.

23 ஜனவரி, வியாழன்

வெடித்துவிட்டது. இடைவெளி நெடுக மயிரிழை விரிசல். குழாயடியில் விரலால் தேய்த்தால் பெயர்ந்து வருகிறது.

"நீ தண்ணிய அதிகம் விட்டுட்டே" என்றார் இவர். இருக்கலாம் என்று நானும் நினைத்தேன். பிறகு குப்பையிலிருந்து அந்தப் பையை எடுத்துப் பார்த்தேன். மணல் கலக்காதது. சுவருக்கு மட்டும், மெல்லிய இடைவெளிக்கு மட்டும் என்று மலாயில், ஆங்கிலத்தில், சீனத்தில் போட்டிருக்கிறது. பையின் முன்பக்கத்திலேயே போட்டிருக்கிறது. எழுத்து ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் அளவு.

பார்க்கலையா என்று கேட்டேன். சாதாரணமாகத்தான் கேட்டேன். அவருக்கு வந்ததே கோபம். "அப்ப நீயே போயி வாங்கியிருக்க வேண்டியதுதானே" என்று பையைப் பிடுங்கி எறிந்தார்.

பேரேட்டில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் கண்டுபிடிக்கிற மனிதர். இந்தப் பையில் இருப்பதை எப்படி விட்டார்?

26 ஜனவரி, ஞாயிறு

சீனப் புத்தாண்டுப் பெருநாளுக்குக் கடைகள் அடைப்பதற்குள் ஜாசின் ஹார்ட்வேர் கடைக்கு இருவரும் போனோம். இவர்தான் ஓட்டினார். பெம்பான் முச்சந்தியில் ஒரு மோட்டார் சைக்கிள் இடது பக்கத்திலிருந்து மெதுவாகத்தான் வந்தது. நான் பார்த்துவிட்டேன், இவரும் பார்த்திருப்பார் என்று சும்மா இருந்தேன். நான் கத்திய பிறகுதான் பிரேக் போட்டார். ஓட்டி வந்தவர் ஒரு மலாய்ப் பெரியவர், கையைக் காட்டி ஏதோ சொல்லிவிட்டுப் போனார். "எங்கருந்தோ பூந்துட்டான்" என்றார் இவர். அந்தப் பெரியவர் எங்கிருந்தும் புகவில்லை. எங்கள் கண்ணெதிரேதான் வந்தார்.

கடையில் வேலை செய்யும் பெண் நிற மாதிரிகளை எடுத்து வைத்தாள். வெண்ணெய் நிறம், சாம்பல், காப்பி. எதை எடுக்கலாம் என்று கேட்டேன். "எல்லாம் ஒண்ணு மாதிரிதானே இருக்கு, உனக்குப் பிடிச்சத எடு" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். அவர் அந்த மாதிரிகளைப் பார்க்கவில்லை, அவை இருந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெண்ணெய் நிறத்திலும் சாம்பலிலும் சின்னப் பொட்டலம் ஒவ்வொன்று வாங்கிக்கொண்டேன். வீடு வரும்வரை கதவுக் கைப்பிடியை விடவில்லை.

27 ஜனவரி, திங்கள்

ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகிறது. செய்தித்தாளை நிறுத்தி வானொலிக்கு மாறியது. தேநீர் ஊற்றும்போது கோப்பை விளிம்பில் விரல் வைத்துக்கொள்வது. பொழுது சாய்ந்ததும் மஃரிப் தொழுகைக்குப் பள்ளிவாசல் போவதை விட்டது. முழங்கால் வலி என்றார், நான் தைலம் தேய்த்துவிட்டேன். முழங்கால் இல்லை. இருட்டில் திரும்பி வர முடியவில்லை.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்குத் தெரியவில்லையே. இல்லை, தெரியாமல் பார்த்துக்கொண்டார். எவ்வளவு பாடுபட்டிருப்பார் அதற்கு.

29 ஜனவரி, புதன்

சீனப் பெருநாள். ஊர் முழுக்க வெடிச்சத்தம்.

மீந்த டைல்ஸ் துண்டுகளைப் பலகையில் ஒட்டி, ஒரு பக்கம் வெண்ணெய் நிறமும் மறுபக்கம் சாம்பலும் பூசிக் காயவைத்திருந்தேன். நிறம் பார்க்கத்தான். உண்மையில் அதற்கு மட்டுமில்லை. காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்து அவரைக் கூப்பிட்டேன்.

"எது நல்லாருக்கு?"

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு."

"கோடு எங்க இருக்குன்னு காட்டுங்க."

வெகுநேரம் குனிந்து பார்த்தார். சாம்பல் பக்கம் ஒருவாறு காட்டினார். வெண்ணெய் பக்கத்தில் விரல் டைல்ஸின் நடுவில் போய் நின்றது. பிறகு பார்ப்பதை விட்டுவிட்டு உள்ளங்கையால் தடவினார். தடவியபடியே உட்கார்ந்துவிட்டார்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன். போன நோன்புப் பெருநாளிலிருந்து வலது கண்ணில் புகை மூட்டம், இப்போது இடதும் அப்படியே ஆகிறது என்றார். ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை, அவரே தன் தகப்பனாரை நினைத்துச் சொன்னார்.

"அத்தாக்குக் கண்ணு ஆபரேஷன் பண்ணி கட்டு அவுத்தப்ப நான்தான் பக்கத்துல நின்னேன், கரீமா. 'லத்தீபு, விளக்கப் போடுடா'ன்னாரு. பகல் அது."

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு அவர் கையைப் பிடித்திருக்கலாம். டீச்சர் புத்தி. உடனே வழி சொல்ல வேண்டும் எனக்கு. தரைக்குச் சாம்பல் போடலாம், சுவர் வெள்ளையாக இருக்கட்டும், அப்போது தரை எங்கே முடிகிறது, படி எங்கே இறங்குகிறது என்று உங்களுக்குத் தெரியும் என்று பேசிக்கொண்டே போனேன்.

"குருடனுக்குக் கோடு போடுறியா?" என்றார். சத்தம்கூடப் போடவில்லை. எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

30 ஜனவரி

பேச்சில்லை. சோறு போட்டேன், சாப்பிட்டார்.

31 ஜனவரி, வெள்ளி

வெடித்ததைச் சுரண்டி எடுக்காமல் புதிது போட முடியாது. ஜும்ஆவுக்கு ஆரிஃப் வந்து இவரை அழைத்துப் போனபின் தனியாக உட்கார்ந்து சுரண்ட ஆரம்பித்தேன். கத்தி வழுக்குகிறது, மணிக்கட்டு போகிறது. அழுகையும் வந்தது, வேலைக்காக மட்டுமில்லை.

தொழுதுவிட்டு வந்தவர் சட்டையை மாற்றிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். இன்னொரு கத்தியைக் கேட்டார். இடைவெளியில் விரல் நுனியை ஓட்டி, ஒட்டிக்கொண்டிருப்பதைத் தொட்டுத் தொட்டுச் சுரண்டினார். நான் முடித்துவிட்டேன் என்று நகர்ந்த வரிசைகளிலும் அவர் விரலுக்கு மிச்சம் அகப்பட்டது.

அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை சுரண்டிக்கொண்டேயிருந்தார். பிறகு கால்சட்டையை மேலே இழுத்துக் கணுக்காலுக்கு மேல் காட்டினார். நீலமாகக் கன்றிப்போன இரண்டு இடங்கள்.

"சாம்பலே போடு" என்றார். "அந்தப் படி எனக்குத் தெரியல."

4 பிப்ரவரி, செவ்வாய்

கண் மருத்துவரிடம் போய் வந்தோம். நான்தான் ஓட்டினேன். உரிமத்தைப் புதுப்பித்துக்கொண்டே வந்தேனே ஒழிய, ஸுஹா சின்னப் பிள்ளையாக இருந்ததற்கப்புறம் ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை. பள்ளிக்கூடத்துக்கும் இவர்தான் கொண்டுபோய் விடுவார். பெம்பானிலிருந்து மலாக்கா வரை பின்னால் வந்தவர்களெல்லாம் ஹார்ன் அடித்தார்கள். இவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுவே எனக்கு என்னவோ போல் இருந்தது.

இரண்டு கண்ணிலும் புரை. இடது கண்ணை அறுவை செய்தால் நன்றாக வரும் என்று டாக்டர் நம்பிக்கையாகச் சொன்னார். வலது கண்ணில் புரைக்குப் பின்னால் சர்க்கரை நோயால் வந்த சேதமும் இருக்கிறது, அது திரும்பாது. அவர் அத்தாவுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும், அந்தக் காலத்தில் யாரும் விளக்கிச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்றார். டாக்டர் சொல்லும்வரை இவர் இனி கார் ஓட்டக் கூடாதாம்.

வரும் வழியில் இவர் கேட்டது ஒன்றுதான். "ஸுஹாகிட்ட யாரு சொல்றது?"

5 பிப்ரவரி

ஹார்ட்வேர் கடை திறந்துவிட்டது. தரைக்குச் சாம்பல் நிறம், மணல் கலந்தது. சுவருக்கு வெள்ளை, மணல் கலக்காதது. இந்த முறை பையில் உள்ளதையெல்லாம் நின்று வாசித்தேன். இவர் பொடியை இரு விரலுக்கிடையில் நறநறவென்று தேய்த்துப் பார்த்து, மணல் இருக்கிறது என்று தலையாட்டினார்.

8 பிப்ரவரி, சனி

முடித்துவிட்டோம். அல்ஹம்துலில்லாஹ்.

பற்பசைப் பதத்துக்குக் குழைத்து, சற்று ஆறவிட்டு, மறுபடி ஒரு கிளறு. ரப்பர் பலகையைச் சாய்த்துப் பிடித்துக் குறுக்காக இழுத்து இடைவெளிக்குள் அழுத்துவது அவர் வேலை. நிரம்பிவிட்டதா, பள்ளம் இருக்கிறதா என்று கட்டைவிரலால் பார்த்துக்கொண்டே போனார். பின்னாலேயே பிழிந்த ஸ்பாஞ்சால் துடைப்பது என் வேலை. ஸ்பாஞ்சில் தண்ணீர் அதிகமிருந்தால் நிறம் வெளுத்துப்போகும். இரண்டு தடவை அவசரப்பட்டுவிட்டேன், அந்த மூலை கொஞ்சம் வெளுப்புதான்.

பவானேஸ்வரி காப்பி கொண்டுவந்து வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். தரைக்கு இவ்வளவு கருப்பாகவா போடுவார்கள், வெளிர் நிறத்தில் போட்டிருந்தால் எடுப்பாக இருந்திருக்குமே என்றாள். நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாய் திறப்பதற்குள் இவர், "அழுக்குத் தெரியாதும்மா" என்றார். பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை. பரவாயில்லை.

9 பிப்ரவரி

காலையிலும் மாலையிலும் லேசாகத் தண்ணீர் தெளித்தேன். விரிசல் இல்லை.

12 பிப்ரவரி, புதன்

சண்டை. ஸுஹாவை ஜோகூர் பாருவிலிருந்து அழைத்து வர இவரே ஓட்டுவாராம். இந்த ஒரு தடவை மட்டுமாம். நெடுஞ்சாலை நேராகத்தான் போகிறதாம். பெற்ற பிள்ளையை இன்னொரு வண்டியில் வரச் சொன்னால் அவள் என்ன நினைப்பாள் என்கிறார். மாப்பிள்ளைக்கு விடுப்பு கிடைக்கவில்லை, ஆரிஃபுக்கோ கடை.

நான் சத்தம் போடவில்லை. "ரெண்டு உசுரு பின்னால உக்காந்து வரும். நீங்களே சொல்லுங்க, ஓட்டலாமா?"

தொழுகை விரிப்பை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நேரம்கூட ஆகவில்லை.

பிறகு சமையலறைக்கு வந்து, "நீ ஓட்டு. நான் பக்கத்துல இருக்கேன்" என்றார்.

15 பிப்ரவரி, சனி

ஜோகூர் பாரு போய் ஸுஹாவை அழைத்து வந்துவிட்டேன்.

போகும்போது இடது தடத்தை விட்டு நகரவேயில்லை. லாரிகள் கடக்கும்போது காரே ஆடுகிறது. இவர் ஏதாவது பேசிக்கொண்டே வந்தார், துணிக்கடை ஆரம்பித்த கதை, கோலா சுங்கை பாருவில் முதன்முதல் மூட்டை தூக்கிப்போய் மீனவர் வீடுகளில் கைலி விற்ற கதை. எல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். என்னைப் பயப்படவிடாமல் இருக்கப் பேசுகிறார் என்று தாங்காக் தாண்டிய பிறகுதான் புரிந்தது.

ஸுஹா என்னை ஓட்டும் இடத்தில் பார்த்ததும் திகைத்துப்போனாள். "அத்தாக்கு என்ன?" என்றாள். நான் அவள் பையை வாங்கிப் பின்னால் வைத்தேன். திரும்பி வரும்போது பாகோ ஓய்விடத்தில் நிறுத்தினோம். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்தாள், இவர் அவள் தோளில் கைவைத்துக்கொண்டு நடந்தார். யார் யாரைத் தாங்குகிறார்கள் என்று பார்ப்பவர்களுக்குத் தெரியாது. அங்கேதான் கண்ணைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். நான் தேநீர் வாங்கிக்கொண்டு வரும்போது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இவர் அவளிடம், "ஒரு கண்ணு போதும்டா பேரப்பிள்ளையப் பாக்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் குளிக்கப் போனாள். கதவருகே நானும் நின்றேன். ஈரத்தில் வெறுங்காலோடு நடந்தாள். வழுக்கவில்லை.

9 மார்ச், ஞாயிறு

நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சற்று முன்னால் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். இவர்தான் காதில் பாங்கு சொன்னார். குழந்தையின் முகத்தை மூக்கு உரசும் அளவுக்குக் கிட்டத்தில் வைத்துக்கொண்டு சொன்னார்.

18 மார்ச்

தூக்கமில்லை. குழந்தை அப்படியே ஸுஹா.

22 ஏப்ரல், செவ்வாய்

நேற்று இடது கண்ணுக்கு அறுவை. இன்று காலை கட்டைப் பிரித்தார்கள். நான் பக்கத்தில் நின்றேன்.

இமையைத் திறந்து அறையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொன்னார். என் பக்கம் திரும்பி, "உனக்கு இவ்வளவு நரைச்சிருச்சா" என்றார்.

நர்சுகள் சிரித்தார்கள். நான் அழுதேன்.

25 ஏப்ரல்

வலது கண் அப்படியேதான் இருக்கும் என்று மறுபடி உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். அகலமும் தூரமும் கணிப்பதில் சிரமம் இருக்கும், ஓட்டுவது வேண்டாம் என்றார்கள். இவர் தலையாட்டினார். வந்து வாசலில் வெகுநேரம் காருக்குப் பக்கத்திலேயே நின்றார். நான் கூப்பிடவில்லை. சில நேரம் கூப்பிடாமல் இருப்பதுதான் நல்லது.

11 ஆகஸ்ட், திங்கள்

ஸுஹாவும் பிள்ளையும் ஜோகூர் பாருவுக்குத் திரும்பியபின் வீடு அமைதியாகிவிட்டது. இவர் வாரத்தில் பாதி நாள் கடைக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆரிஃபை வந்து அழைத்துப்போகச் சொல்கிறேன் என்றேன், வேண்டாம் என்றார். நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன், அதுவும் வேண்டாம், பஸ் இருக்கிறதே என்றார்.

இன்று முதல் நாள். பஸ் நிற்கும் இடம்வரை மட்டும் காரில் கொண்டுபோய் விட்டேன். இறங்கிக்கொண்டு, நீ கிளம்பு என்று கையைக் காட்டினார். நான் கொஞ்சம் தள்ளிப் போய், மளிகைக் கடை ஓரமாக நிறுத்திக்கொண்டேன். அவருக்குத் தெரியாது. தெரிந்தால் திட்டுவார்.

ஓடி வரும் பஸ்ஸின் எண் அந்த ஒற்றைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வந்தால்தான் தெரியும், அதற்குள் கை காட்டாவிட்டால் நிற்காது. எனக்கு இறங்கி ஓடலாமா என்று இருந்தது. அங்கே கல்லூரிப் பெண் ஒருத்தி பாட்டுக் கேட்கக் காதில் ஏதோ மாட்டிக்கொண்டு நின்றாள், நம் தமிழ்ப் பெண் மாதிரி இருந்தது. இவர் நேராக அவளிடம் போனார். கண்ணைத் தொட்டுக் காட்டினார், சாலைப் பக்கம் கையை நீட்டினார். அவள் காதில் இருந்ததைக் கழற்றிவிட்டுக் கேட்டாள். தலையாட்டினாள். இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு பஸ் வந்தது. அவள் இல்லையென்று தலையசைத்தாள். இவர் ஏதோ சொன்னார், அவள் சிரித்தாள். அடுத்தது வந்தது. அவள் கை காட்டி நிறுத்தினாள். இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.